சத்தமில்லாமல் குரைத்த ஜூலி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன். திருப்பாச்சூர் கோயில் வரை நடந்து திரும்பினேன். இட்லி, பேப்பர், மதியச் சாப்பாடு, அதன் பிறகு வழக்கமான தூக்கம். அந்தத் தூக்கம் மட்டும் வரவில்லை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணின் நாய் பிளாக்கி, யாரைப் பார்த்தோ விடாமல் குரைத்தது.

மாலையில் எதிர்வீட்டுக் கணேசன் வந்தார்.

“சார், உங்க நாய்க்கு ஆபரேஷன் பண்ணி சத்தத்தையே எடுத்துட்டதா சொன்னீங்களே, அந்த டாக்டர் கீறாரா? மேல் வீட்டுப் பொண்ணாண்ட நீங்களே பேசுங்க. பெரியவரு சொன்னா கேக்கும்.”

நானே சொன்ன கதைதான். பொங்கலன்று மொட்டை மாடியில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். இப்போதும் “விசாரிக்கிறேன்” என்று தலையாட்டினேன். அவர் போனதும் வாசலில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். வாஷர் தேய்ந்த பம்பு. ஹஃப், ஹஃப் என்று காற்று வெளியே போனதே தவிர டியூபில் ஏறவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு என் நாய் ஜூலி குரைத்தால் அப்படித்தான் கேட்கும்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லா வீட்டிலும் ஷிப்ட் ஆட்கள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். பெண்கள் மிக்சிக்குப் பழைய போர்வையைச் சுற்றிச் சட்னி அரைப்பார்கள். முதல் முறை வந்த என் மாமியார், பட்டப்பகலில் எல்லோரும் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்துவிட்டு, செத்தது யார் என்று கேட்டார்.

அந்த இடத்தில் போய் நாய் வளர்த்தேன் பாருங்கள்! பக்கத்து வீட்டு முனுசாமிக்கு உலையில் வேலை.

“சார், உலைல வெந்துட்டு வந்து படுத்தா உன் நாயி கொலைக்கிது. பேஜாரா கீது. அதுக்கும் நைட் ஷிப்ட் போட்டு உடு சார், பகல்ல தூங்கட்டும்.”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஜூலியை யாருக்காவது கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அதனால் நகரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். “தொண்டைல சின்ன வேலைதான்” என்றார் அவர். வலிக்குமா என்று நான் கேட்கவில்லை. “எனக்கு ரெண்டு நாள்தான் லீவு. அதுக்குள்ள முடிஞ்சுடுமா?” என்றுதான் கேட்டேன்.

முடிந்தது. “தங்கமான நாயி” என்று முனுசாமியே பொறை வாங்கிப் போட ஆரம்பித்தார். ஏதோ நான்தான் அவளைப் பழக்கி வைத்த மாதிரி எனக்கும் பெருமை. என் மனைவி மட்டும், “அது கத்திக்கினுதாங்க கீது. நமக்குத்தான் கேக்கல” என்றாள். இவள் எதையும் பெரிதாக்குவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறுப்பானவன் என்று பொது மோட்டார் அறைச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு மே மாதக் காலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு அறையைப் பூட்டினேன். ஈரத்தரையின் குளிர்ச்சிக்கு ஜூலி உள்ளே போய்ப் படுத்திருந்ததைக் கவனிக்கவில்லை. அன்று வேலைக்குப் போகாமல் ரயில்வே கேட் வரை தேடினேன். அந்தக் கதவின் முன்னால் நின்றும் “ஜூலி, ஜூலி” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பூட்டை இழுத்துப் பார்த்து, சரியாகப் பூட்டியிருக்கிறோம் என்ற திருப்தியோடு நகர்ந்தேன்.

மாலையில் தண்ணீர் விடத் திறந்தபோது தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தாள். கதவின் உட்புறம் கீழ்ப்பகுதி முழுக்க நகக்கீறல். வாளித் தண்ணீரைக் குடித்து முடித்ததும் முன்கால்களை என் மேல் போட்டு, வாலை ஆட்டி, சந்தோஷத்தில் குரைத்தாள். ஹஃப், ஹஃப். காலையில் நான் கூப்பிட்டபோதும் கதவுக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பாள்.

முனுசாமியின் கட்டில் அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. “ஒரு சத்தமும் வர்ல சார், நல்லாத் தூங்கினேன்” என்றார், எனக்கு ஆறுதலாக.

மறுநாள் அவள் கழுத்தில் ஒரு மணி கட்டினேன். தலையைச் சொறிந்தால்கூடக் கிணுகிணுவென்றது. முனுசாமி வாசலுக்கு வந்து ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். அன்று மாலையே நானாகக் கழற்றிவிட்டேன். மணியும் மோட்டார் அறையும் பொங்கலன்று சொன்ன கதையில் இல்லை.

அந்த எட்டு வீடுகள் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. முனுசாமி மகனோடு அத்திப்பட்டுக்குப் போய்விட்டார். ஜூலி கிழவியாகிச் செத்தாள். கணேசன் வந்துபோன அன்று இரவு, ஆபரேஷனுக்கு முன் அவள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. மனைவியைக் கேட்டேன். அவளுக்கும் வரவில்லை.

மறுநாள் காலை பால்காரரைப் பார்த்துப் பிளாக்கி குரைத்த குரைப்பில்தான் விழித்தேன். மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக மாடியேறிக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் ஒரு கையால் நாயின் வாயைப் பொத்தியபடி திறந்தாள்.

“சாரி அங்கிள். டாக்டர் நம்பர் குடுக்க வந்தீங்களா? கணேசன் அங்கிள் சொன்னாரு.”

“இல்லம்மா. அந்தக் கதைய நான் பாதிதான் சொல்லிக்கினு இருந்தேன். மீதியச் சொல்ல வந்தேன். கைய எடு முதல்ல, அது கத்தட்டும்.”