கதவைத் தட்டாத ஆராய்ச்சி

இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் பதினாறு வருஷமாகத் தரை துடைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனது ஆறாவது வரைக்கும்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து இங்கே ஆராய்ச்சி பண்ண வந்தவர்கள் எப்படியெல்லாம் கோட்டை விட்டார்கள் என்று கேட்டால் ஒரு நாள் பூராவும் சொல்லுவேன். அதில் இவள் ஒரு தினுசு.

என்னைப் போலத் தமிழ்க்காரி. அவள் ஊரில் கல்லூரி டீச்சர். முப்பத்தாறு வயசு. டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு விமானம் ஏறினவள். மூன்றாம் மாடியில் அவளுடைய பேராசிரியரின் அறை. சாத்திய கதவுக்கு எதிரே நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். நான் வாளியோடு போகும்போதும் நிற்பாள், திரும்பி வரும்போதும் நிற்பாள். கீழே செக்யூரிட்டிக்காரன் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குவான். இவள் சும்மாவே காவல் காத்தாள். வாட்ச்மேன் அம்மா என்று பேர் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு படிவம். ஐந்து மணிக்குள் அதில் பேராசிரியர் கையெழுத்து வாங்கி ஆபீசில் கொடுக்காவிட்டால் படிப்பும் போச்சு, விசாவும் போச்சு.

“உள்ளதானே இருக்காரு? தட்ட வேண்டியதுதானே தங்கச்சி?”

“எப்படிண்ணே? அவரா கூப்பிட வேணாமா? எங்க காலேஜ்ல என் ரூம் வாசல்ல பசங்க மணிக்கணக்கா நிப்பாங்க. நான் நிமிர்ந்து பார்த்தாத்தான் வாயே திறப்பாங்க.”

“இவரு நிமிர்ந்து பார்த்தா கதவுதான்மா தெரியும்.”

“நாலு மாசமா ஒரு தடவைகூட கூப்பிடலண்ணே. என் மேல ஏதோ கோபம்.”

மணி நாலு பத்து. எனக்குப் பொறுக்கவில்லை. மாப் கட்டையால் கதவில் இரண்டு போட்டேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

பேராசிரியர் வெறுங்காலோடு வந்து கதவைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாள் என்று நினைத்தாராம். வேண்டுமென்றால் அவளே வரட்டும், நாம் கூப்பிட்டால் தொந்தரவு என்று அவரும் உள்ளே காத்திருந்தாராம். இரண்டு பேருமே நிறையப் படித்தவர்கள், என்ன செய்ய.

இருபது நிமிஷத்தில் வெளியே வந்தாள். கையெழுத்து விழுந்திருந்தது. முகம் மட்டும் பேயறைந்த மாதிரி.

“அதான் போட்டுட்டாரே, ஓடிப்போய் ஆபீஸ்ல கொடும்மா.”

“திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காருண்ணே. அவரு எழுதின கட்டுரையில என்னென்ன தப்புன்னு அவரு முகத்தைப் பார்த்து நான் சொல்லணுமாம்.”

“சொல்லிட்டுப் போயேன்.”

“பதினோரு தப்பு இருக்குண்ணே” என்றாள், அழுகிற குரலில்.