புதன்கிழமைகளில் அப்பாவு போன இடம்

1970ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை, அர்ச்சுனன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பினாங்கு துறைமுகத்தில் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மனைவி, மூன்று பிள்ளைகள், இரண்டு தகரப் பெட்டிகள், துணியில் சுற்றிய ஒரு தையல் மெஷின். பத்து வயதில் தொடங்கி முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த மனிதரின் மொத்தக் குடும்பமும் ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

அர்ச்சுனன் தமிழ்நாட்டில், சொந்த ஊரில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். அவரிடம் இருந்தது பிரஜை அல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, செம்மோர் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு ஈப்போ ஆபீசுக்குப் போவார்கள். அட்டையில் தேதி முத்திரை குத்திக்கொண்டு வருவார்கள். மறுபடி போவார்கள். சில மாதத்தில் வீட்டுச் சாமான்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போனார்கள். மங்களம் அதையெல்லாம் பார்த்தவள். அந்த வரிசை அவள் மனதில் பதிந்துவிட்டது: நல்ல சட்டை, முத்திரை, சாமான், கப்பல்.

மங்களத்தின் புருசன் அப்பாவு, அர்ச்சுனனின் தம்பி. தோட்டத்திலேயே பிறந்தவன், பிரஜைகளுக்கான நீல அட்டைக்காரன். அன்று துறைமுகத்தில் அண்ணி ஓவென்று அழுதாள், மங்களமும் அழுதாள். அப்பாவு அழவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவள் மங்களம். இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டது.

1974இல் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. அவர்கள் குனோங் ராபாட்டில், சுண்ணாம்புக்கல் மலையடியில், ஒரு வரிசை வீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். அப்பாவு லோரி ஓட்டப் பழகி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் கல் ஏற்றும் வேலையில் சேர்ந்தான். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. இப்படி ஒரு புருசன் கிடைக்க என்ன தவம் செய்தாளோ என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் எதையாவது கேட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழும். என்ன என்று மங்களம் கேட்டால், ஒன்றுமில்லை என்பான். அந்த ஒன்றுமில்லையைத்தான் அவள் நம்பவில்லை.

1978இல் புதன்கிழமைகள் ஆரம்பித்தன. ஒரு புதன் விட்டு ஒரு புதன், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெலுக் ஆன்சனுக்கு லோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான். கல் லோரி ஓட்டப் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை எதற்கு? மங்களம் கேட்கவில்லை. சட்டையை மோந்து பார்த்தாள். பவுடர் வாசம் இல்லை, சம்சுச் சாராய நாற்றமும் இல்லை. மருந்துக் கடை மாதிரி ஏதோ ஒன்று.

ஒருநாள் செல்லாயி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அக்கா, ஒங்க வீட்டுக்காரர ஈப்போ பஸ் ஸ்டேசன்ல பாத்தேன். லோரிக்காரரு பஸ்ஸுல போறாருலா” என்று சிரித்தாள். பொம்பளைங்க சமாச்சாரமாக இருக்கும் என்று அவள் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே மங்களம் வெள்ளைச் சட்டையின் பையைத் துழாவினாள். ஓர் அட்டை. மலாயில் அச்சடித்தது. அவளுக்கு மலாய் படிக்க வராது. ஆனால் அட்டை முழுக்க வரிசையாகத் தேதிகள், கடைசி ஒன்றைத் தவிர ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஊதா முத்திரை. பார்த்ததும் ஈப்போ ஆபீசு அட்டைகள்தான் ஞாபகம் வந்தன. பெண் இருந்தால்கூடப் பரவாயில்லை, இழுத்து வைத்துக் கேட்கலாம். இது கப்பல் சமாச்சாரம்.

அதற்குப் பிறகு எல்லாம் பொருந்தி வந்தது. போன மாதம்தான் அவளை உட்காரவைத்து, சேமநிதிக் காகிதம் இந்த டின்னில் இருக்கிறது, இங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினான். அவனுடைய சைக்கிளைச் செல்லாயி புருசனுக்குச் சும்மா கொடுத்தான். வீட்டு வாடகைச் சீட்டை அவள் பெயருக்கு மாற்றினான். அண்ணனைத் தேடிப் போகப்போகிறான். அவளையும் நாலு பிள்ளைகளையும் இங்கே விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போகப்போகிறான். அட்டையில் முத்திரை குத்தாத தேதி ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அடுத்த புதன்.

அந்தப் புதன்கிழமை, பிள்ளைகளைச் செல்லாயியிடம் விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். ஈப்போவில் அவன் பஸ் மாறினான். அவளும் பின்பக்கமாக ஏறி, ஒரு சீனக் கிழவியின் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கப்பல் ஏஜெண்டு தம்பூன் பக்கம் இருப்பான் என்று எண்ணினாள். பஸ் தம்பூனைத் தாண்டியது. தோட்டம், ஈயம் தோண்டிவிட்ட குளம், மறுபடியும் தோட்டம். கடைசியில் கண்டக்டர் கம்பியைத் தட்டி, “ரம்புத்தான், ரம்புத்தான். மாமியார் வீட்டுக்குப் போறவங்க எறங்கலாம்” என்றான். பஸ்ஸே சிரித்தது.

தஞ்சோங் ரம்புத்தான். பேராக் மாநிலத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பெயர் தெரியும். அடம் பிடித்தால் அங்கே அனுப்பிவிடுவேன் என்றுதான் அம்மாக்கள் மிரட்டுவார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அப்பாவு யாரையும் பார்க்காமல் இறங்கினான்.

அப்போதுகூட மங்களம் வேறு மாதிரிதான் நினைத்தாள். இங்கே யாரையோ வைத்திருக்கிறான், அவளைப் பார்க்க வருகிறான். அவன் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். மரத்தடியில் நீளமான பெஞ்சு. ஏழெட்டு ஆண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். எல்லார் கையிலும் அதே அட்டை; பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் கப்பல் நினைவுதான் வந்தது. அப்பாவு கடைசியில் போய் உட்கார்ந்து, தன்னுடைய அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள். “கப்பல் ஏஜெண்டு இங்கதான் இருக்கானா?”

அப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை. எந்தக் கப்பல் என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சட்டை, முத்திரை, சைக்கிள், சேமநிதிக் காகிதம், வாடகைச் சீட்டு. பக்கத்திலிருந்த ஒரு மலாய்க்காரர் நாகரிகமாக எழுந்து தூரப் போனார்.

அப்பாவு அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சொன்னான்:

“கப்பல் இல்ல மங்களம். நா போக நெனச்ச எடத்துக்குக் கப்பல் வேணாம்.”

அது அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சட்டைக் கையை விரலால் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப இல்ல” என்றான். “போன மாசம் வரைக்கும். அதச் சொல்லத்தான் இங்க வாரேன். சொன்னா அடுத்த புதன் வரைக்கும் தாங்குது.”

அவனை இங்கே வரச்சொன்னவர் பஞ்சலிங்கம், ஆஸ்பத்திரி உதவியாளர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் வீட்டுக்குக் கல் இறக்கப் போன அன்று அப்பாவு, நெஞ்சு படபடவென்று அடிக்க, கை நடுங்க, லோரியை விட்டு இறங்க முடியாமல் இருந்திருக்கிறான். குடித்திருக்கிறாயா என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். எத்தனை நாளாக நித்திரை இல்லை என்று கேட்டாராம். எட்டு வருசம் என்று இவன் சொன்னானாம். தவுக்கேக்குத் தெரிந்தால் லோரி போய்விடும், அதனால்தான் தெலுக் ஆன்சன் பொய். உன்னிடம் சொன்னால் நீ பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன் என்றான்.

முறை வந்ததும் பஞ்சலிங்கம் அவளையும் உள்ளே வரச்சொன்னார். அவள் வாசற்பக்கமாகவே உட்கார்ந்தாள். கதவைப் பூட்டிவிடுவார்களோ என்று ஒரு கண் அதிலேயே இருந்தது. அப்பாவு பாதியில் நின்ற கதையைத் தொடர்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தான். அண்ணனுக்குப் பிரஜாவுரிமை எழுதிப் போட 1966லேயே விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருந்தான். அண்ணனுக்கு எழுதத் தெரியாது, தம்பிதான் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அடுத்த மாதம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று மூன்று வருடம் தள்ளினான். வேறு காரணமே இல்லை. ஒருநாள் கூலி போகும், பந்து விளையாட்டு இருக்கும், அவ்வளவுதான். கப்பலேறும் வரை அண்ணன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“அந்தப் பாரத்தப் பொட்டியில வச்சிருந்தேன். தோட்டத்த விட்டு வாரப்போ காணோம். யாரோ எடுத்துட்டாங்க. நாலு வருசமா யாரு என்னப் பாத்தாலும், பாரம் இவங்கிட்ட இருக்கோ, நா செஞ்சது தெரிஞ்சிருக்கோன்னு தோணும். இவ பாக்குறப்பகூட.”

மங்களம் கதவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அத நாந்தான் அடுப்புல போட்டேன்” என்றாள். “சாமான் கட்டுறப்ப பாத்தேன். ஒங்க கண்ணுல பட்டா வருத்தப்படுவீங்கன்னு போட்டேன். நீங்க அத மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்.”

அப்பாவு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். துறைமுகத்தில் வராதது எட்டு வருடம் கழித்து அங்கே வந்தது.

பஞ்சலிங்கம் பேனாவை மூடி வைத்தார். “ரெண்டு பேரும் ஆளையாள் வேவு பாத்திருக்கிறீங்கள்” என்றார். “பின்னால நடந்து கால் நோக வேண்டாம், அம்மா. இனி வாயால கேளுங்கோ.”

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. மாத்திரை அவனை மந்தமாக்குகிறதோ என்று மங்களம் தினமும் முகத்தைப் பார்த்தாள். சில வாரங்கள் நன்றாகப் போகும், சில வாரங்கள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். செல்லாயிக்கு எப்படியோ தெரிந்தது, பிறகு தெருவுக்கே தெரிந்தது. மூத்த மகளுக்கு வந்த ஒரு சம்பந்தம் அத்தோடு நின்றது. தவுக்கே மட்டும், லோரி ஒழுங்காக ஓடுகிறதா, ஓடுகிறது, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டார்.

தெரிந்த பிறகு மறைக்க ஒன்றுமில்லாமல் போனதுதான் அப்பாவுக்கு வசதி. கல் ஏற்ற லோரிகள் மலையடியில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கும். எப்படி அண்ணே என்று யாராவது கேட்டால், எல்லாரும் சொல்வதுபோல இருக்கேன் என்று சொல்லமாட்டான். நேத்து சரியில்ல, இன்னிக்குப் பரவால்ல என்பான். முதலில் டிரைவர்கள் ரம்புத்தான்காரன் என்று கேலி செய்தார்கள். ஆமா மச்சான், புதன்கிழமை ஒனக்கும் சீட்டுப் போட்டு வைக்கவா என்று இவனும் திருப்பிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் யாராவது ஒருவன் டயரைத் தட்டிப் பார்க்கிற சாக்கில் இவன் லோரிப் பக்கம் வருவான். முகத்தைப் பார்க்காமல், டயரைப் பார்த்தபடியே, எனக்கு ஒருத்தனைத் தெரியும் அண்ணே, அவனுக்குத் தூக்கம் வரமாட்டேங்குதாம் என்று ஆரம்பிப்பான். அந்த ஒருத்தன் யார் என்று அப்பாவு கேட்டதே கிடையாது. இதையெல்லாம் அவன் சோறு தின்னும்போது மங்களத்திடம் சொல்வான், பெயரை மட்டும் சொல்லமாட்டான். பெயர் சொல்லாதது அவளுக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

1986இல் பாகான் டத்தோ பக்கம் ஒரு ரோட்டுக்குக் கல் கொட்டும் வேலை வந்தது. மூன்று மாதம் அப்பாவு அங்கேயே பாதி நாள் கிடந்தான். திரும்பும்போதெல்லாம் யாரோ கொடுத்தார்கள் என்று இளநீரும் தேங்காயும் கொண்டுவந்தான். யார் கொடுத்தது என்று கேட்டால், ஒரு டிரைவர் வீட்டில் என்பான். வேலை முடிந்து, அதெல்லாம் மறந்து, ஒன்பது மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவு பெயருக்கு. பாகான் டத்தோ முத்திரை. முகவரி ஒரு பெண்ணின் கையெழுத்தில், குண்டு குண்டாக.

மங்களம் அதை மேசையில் வைத்தாள். திருப்பிப் பார்த்தாள். அப்பாவு வர சாயங்காலம் ஆகும். வாயால் கேட்க வேண்டியதுதான், தெரியும். ஆனாலும் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டிப் பிரித்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்ததை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அப்பாவு அண்ணனுக்கு, லோரி டிரைவர் பத்துமலையின் மனைவி முத்தம்மா எழுதுவது. நீங்கள் வந்து பேசிவிட்டுப் போனதெல்லாம் எனக்குத் தெரியாது. இவர் ஒரு வருசமாக யாருடனும் பேசவில்லை. வேறு குடும்பம் வைத்திருக்கிறார் என்று நினைத்து நான் சண்டை போட்டேன். முந்தாநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், நானும் கூடப் போகிறேன். உங்களுக்கு ஒரு வரி எழுதச் சொன்னார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். சொல்லியாச்சுன்னு எழுது, அண்ணனுக்குப் புரியும் என்றார்.”