யாரும் ஊற்றாத ஆயில்

டிராக்டர் இன்ஜினில் ஆயில் பார்க்கும் அளவுக்கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவி, அதன் நுனியை வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் பக்கத்து வீட்டு அண்ணி. அந்த நேரத்தில் காக்காகூடக் கத்தாது. கத்தினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அது மரத்திலிருந்து பொத்தென்று விழும். பிறகு ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். நாக்கிலும் வைத்துப் பார்ப்பார் என்று அவர் வீட்டுக்காரரான அண்ணன் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். நான் பார்த்ததில்லை. பார்க்கிற தைரியமும் இல்லை.

டிராக்டர் ரொம்பக் கிழடு. கிளப்பினால் அடுத்த தெருவில் சுவரில் மாட்டிய படமெல்லாம் கோணலாகிவிடும். அதற்கு என்ன நிறம் என்று கேட்டால், வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நிறம் சொல்வார்கள். ஆனால் அதற்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. இன்ஜின் ஆயில் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில். கியர் ஆயில் கட்டிலுக்கு அடியில். பிரேக் ஆயில் காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் தனிப் புனல், புனலின் காதில் தனி நிறக் கயிறு. ஒருமுறை அண்ணன் புனலை மாற்றி எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது என் வீட்டில்.

இந்த முறை இன்ஜின் ஆயில் மாற்றப் போனபோது, வழக்கமான ஆயில் கடையில் இல்லை. கடைக்காரர் வேறொரு டப்பாவை நீட்டினார்.

“இது புதுசுக்கா. தண்ணி மாதிரி ஓடும்.”

“தண்ணி மாதிரி ஓடுறதுக்கு எங்க வீட்டுல தண்ணியே இருக்கு. கெட்டியானது எங்க?”

“அது அடுத்த லோடுலதான் வரும். இப்ப எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க.”

“எல்லாரும் புது வண்டி வச்சிருக்காங்க. எங்களது பல்லு போன வண்டி. அதுக்கு எது செரிக்கும்னு எனக்குத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு அதையே வாங்கி வந்தார். பழையதை வடித்து, ஃபில்டரை மாற்றி, கம்பியில் இருக்கும் மேல்கோடு வரை ஊற்றினார். மறுநாள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கம்பியை உருவினால், ஆயில் கோட்டுக்கு மேலே நிற்கிறது! அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. ஊரில் இருக்கிற பழைய வண்டியெல்லாம் ஆயில் குடிக்கும். இது பசு மாதிரி சுரக்கிறது.

“கூட இருந்தா நல்லதுதானே அண்ணி?” என்றேன்.

“உன் வயித்துல ரெண்டு குடம் தண்ணிய ஊத்திட்டு ஓடச் சொன்னா ஓடுவியா? இன்ஜின் வெடிச்சிரும் தம்பி.”

அந்த நேரம் பார்த்து மழை பெய்து நிலம் பதமாகியிருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். விட்டால் இந்தப் பருவம் முழுக்க நிலம் சும்மா கிடக்கும். ஓட்டினால் வண்டி போகும், ஓட்டாவிட்டால் விளைச்சல் போகும். அண்ணி வானத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கடைசியில் புருஷனைப் பார்த்தார்.

“நீங்கதானே ஊத்துனீங்க?”

“நான் எதுக்கும்மா ஊத்தப் போறேன்?”

“குறைஞ்சா நான் கத்துவேன்னு பயந்து ஊத்திருக்கீங்க.”

“கொஞ்சமா ஊத்திருப்பேன்.”

“எப்ப?”

“நீ எப்ப சொல்றியோ, அப்ப.”

தீர்ப்பு உடனே வந்தது. அண்ணன் இனி இன்ஜின் பக்கம் வரக்கூடாது. டப்பாக்கள் எல்லாம் பீரோவுக்குள் போயின. சாவி அண்ணி கையில். அதிகமான ஆயிலைக் கோடு வரை வடித்துவிட்டு, மறுபடி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். மறுபடியும் கோட்டுக்கு மேலே!

அண்ணி பீரோவைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீ காலைல எங்க இருந்த?”

நான் என் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் கேட்ட கேட்பில், பல் தேய்த்ததற்குச் சாட்சி யாராவது உண்டா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது வண்டியின் பின்பக்கத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது. முன்னால் வரத் தடை என்பதால் பின்னால் குந்தியிருந்த மனுஷன், பொழுது போகாமல் கியர் பெட்டியின் அளவுக்கம்பியை உருவியிருக்கிறார்.

“இங்க ஒரு சொட்டுகூட இல்லியே! அத ஊத்துனது நான்னா, இதக் குடிச்சதும் நான்தானா?”

அண்ணி ஓடி வந்தார். காய்ந்த கம்பியை வாங்கிப் பார்த்தார். முன்பக்க ஆயிலை மறுபடி முகர்ந்தார். புது ஆயிலின் வாசனையே இப்படித்தான் போலிருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். அது கியர் ஆயில் வாசனை. கலப்பையைத் தூக்குகிற பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஓடுவது கியர் பெட்டி ஆயிலில். நடுவில் தடுக்கிற ரப்பர் சீல் கிழிந்து, பின்னால் இருந்ததெல்லாம் முன்னால் குடிவந்திருக்கிறது.

“அப்ப நீங்க ஊத்தலயா?”

“இல்ல.”

“பின்ன ஏன் ஊத்துனேன்னு சொன்னீங்க?”

“நீ கேட்ட கேள்வியில எனக்கே சந்தேகமாயிருச்சும்மா.”

அண்ணி காய்ந்த கம்பியைத் துடைத்து இருந்த இடத்திலேயே செருகினார். கடைக்குப் போய் சீல் வாங்கி வந்தார். கெட்டி ஆயில் லோடும் இறங்கியிருந்ததால் அதிலும் ஒரு டப்பா, புதியதிலும் ஒரு டப்பா. மெக்கானிக் வந்து சீலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். கியர் பெட்டியை நிரப்பியாயிற்று. கலந்துபோன இன்ஜின் ஆயிலைச் சுத்தமாக வடித்தாயிற்று. வயல் மண்ணை உருட்டிப் பார்த்தேன், உருண்டை உடையாமல் நின்றது, ஈரம் இன்னும் காயவில்லை. ஊற்ற வேண்டியதுதான், கிளம்ப வேண்டியதுதான்.

அண்ணி இரண்டு டப்பாக்களையும் இரண்டு கையில் தூக்கினார். கெட்டியைப் பார்த்தார். புதியதைப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் அண்ணன் முன்னால் நீட்டினார்.

“எத ஊத்தட்டும்? நீங்க சொல்லுங்க.”

அண்ணன் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். நான்தான் நின்றிருந்தேன். சட்டென்று தள்ளிப் போய்விட்டேன். அண்ணி டப்பாக்களைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் தன் பக்கம் திரும்புகிற வரைக்கும் நீட்டியபடியே நின்றிருந்தார்.