ராஜத்தின் கோணல் வீடு

நேற்று மழையில் நனைந்த மிக்சிப் பெட்டியின் மேல்தாள் உரிந்து, உள்ளேயிருந்த வரிவரியான அட்டை தெரிந்தது. தூக்கி எறியப் போன கை நின்றுவிட்டது. அந்த வரிகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் மங்களூர் ஓட்டுக் கூரைதான்.

எழுபதுகளில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் நவராத்திரிக் கொலுப்படிகளுக்குக் கீழே எங்கள் தெருவையே அட்டையில் கட்டி வைப்போம். அப்பா வேலை பார்த்த சுக்குக் கிடங்கிலிருந்து பெட்டிகள் வரும். சரஸ்வதி பூஜை வரைக்கும் அந்த வாசனை போகாது (எனக்குத் தும்மலும் நிற்காது). தெருவின் மற்ற வீடுகளை நானும் அக்கா ராஜமும் பங்கு போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டை மட்டும் இருவருமே தனித்தனியாகக் கட்டுவோம். அப்பா ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடுவில் வைத்து அதன்முன் அகல் ஏற்றுவார். அந்த இடம் எனக்கு வேண்டும். அந்த வயதில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நான் ஸ்கேல் வைத்து வேலை செய்கிற ரகம். அட்டையில் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது வளைந்துவிடும் என்று இரண்டு பக்கமும் ஒட்டுவேன். கரப்பான் அண்டாமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பேன். ராஜம் இதெல்லாம் செய்ய மாட்டாள். நாக்கைத் துருத்திக்கொண்டு கண்ணளவில் வெட்டி, ஒரு பக்கம் ஒட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விடுவாள். காலையில் அவள் சுவர் தொப்பை போட்டிருக்கும், கூரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். நான் உள்ளுக்குள் குதிப்பேன்.

அப்பா இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ராஜத்துடையதை நடுவில் வைத்தார்.

"உன்னோடது நன்னாருக்கு, கேட்டியா. பட்சே நம்ம ஆம் இதாக்கும்."

உப்புக்காற்றில் ஊறிய எங்கள் வீடு நிஜமாகவே அப்படித்தான் வயிறு தள்ளிச் சாய்ந்து நின்றது. வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமிகளும் என்னுடையதை அழகு என்று சொல்லிவிட்டு, அவளுடையதன் முன்னால் உட்கார்ந்து சிரித்தார்கள். வருஷா வருஷம் இதே கூத்து. அவள் காய்ச்சலில் படுத்தபடி ஒட்டிய வருஷமும் அவளுடையதுதான் நடுவில் போனது. தப்பாகச் செய்தே ஜெயிக்கிறவளை என்னதான் செய்வது?

போன மாதம் மட்டாஞ்சேரிக்குப் போனேன். தெரு முழுக்க ஹோம்ஸ்டேயும் காபிக் கடையும். சுக்கு வாசனை இல்லை. எங்கள் வீட்டையும் யாரோ வாங்கி, சுவரை நிமிர்த்தி, புது ஓடு போட்டிருக்கிறார்கள். அச்சு அசலாக நான் கட்டிய வீடு. பார்க்க அப்பாதான் இல்லை. கொஞ்சம் கர்வத்தோடு ஃபோட்டோ எடுத்து மும்பையில் இருக்கும் ராஜத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"இது யாரோட ஆம்டீ?"

நாங்கள் இருந்த வீடு அவள் அட்டையில்தான் இருந்தது. அதைக் கரப்பான் எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. துத்தம் போட்ட என்னுடையது மட்டும் இன்னும் என் வீட்டுப் பரணில் நேராக நிற்கிறது.