கல்வீட்டின் பின்வளவு

எங்கள் வீட்டின் வரலாற்றை எழுத வேண்டுமென்று போன மாதம் நான்கு பல்கலைக்கழக மாணவர்கள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். முதிரை மரக் கதவை அளந்தார்கள், விறாந்தைத் தூண்களை எண்ணினார்கள், ஏணி வைத்து ஏறி ஓடுகளைப் படமெடுத்தார்கள். பிறகு கட்டியவர் யார், அவருக்குப் பின் யார், அதற்கும் பின் யார் என்று கேட்டார்கள். கட்டியவர் ஒரு போடியார், வட்டை வட்டையாக வயல் வைத்திருந்தவர் என்றேன். எழுதிக்கொண்டார்கள். மகளுக்குச் சீதனம் கொடுக்கத்தான் கட்டினார் என்றேன். அதற்கு அவர்களுடைய படிவத்தில் இடம் இல்லைபோலும். மருமகனின் பெயரைக் கேட்டார்கள்.

மண்டூர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தால், பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் துரத்துவதில்லை, யாரும் அழுவதுமில்லை என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் பின்வளவில் அப்படி மூன்று அத்திவாரங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்சுவர்கள் எப்போதோ மாரி மழையில் கரைந்துவிட்டன. நாலாவது வீடு மட்டும் நிற்கிறது, பூட்டியபடி. கல்வீட்டை எழுத வந்த பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர்கள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தது கிணற்றடிப் பூவரசு மரங்களின் நிழலில். புறப்படும்போது ஒரு மாணவி அந்த மரங்களுக்கு எத்தனை வயதிருக்கும் என்று பேச்சுக்குக் கேட்டார். வீட்டின் வயதை ஊகமாகச் சொன்ன எனக்கு, நட்ட நாலில் தப்பிய அந்த மூன்று மரங்களின் வயது மாதக் கணக்கில் தெரியும். சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஆற்றைக் கடந்து வந்து பெரிய மனிதராகக் கதிரையில் அமர்ந்து எல்லாம் பேசி முடித்தார். அவர் பிறந்ததும் இந்த வீட்டில்தான். ஆனால் மனைவி வீட்டுக்குப் போனவர் என்பதால் தேத்தண்ணீர் குடித்துவிட்டு விருந்தாளியாகத்தான் திரும்பிப் போனார். வீட்டை அக்காவுக்கு எழுதுவதென்று முடிவானது. எழுதுவதென்றால் கொப்பியில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியும். அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அம்மா மட்டும் அந்த வாரத்தில் முதிரைக் கதவுக்கு இரண்டு தடவை எண்ணெய் தடவினார்.

கலியாணம் பேசி முடித்த மறுநாள் அப்பா பின்வளவில் பச்சைப் பூவரசந்தடியை முழ நீளத்தில் வெட்டி, நாலு முளை அடித்து, மீன்காரரிடம் வாங்கிய நீல நைலோன் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். நான் கடை வைத்து விளையாடும் மூன்று அத்திவாரங்களுக்கும் பக்கத்தில்தான். இது ஆருக்கு என்று கேட்டேன்.

“எனக்கும் உங்கட அம்மாக்கும் புள்ள,” என்றார், கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டே.

அக்கா அம்மாவைத் துரத்துகிறாள் என்று முடிவு கட்டினேன். அக்காவுடன் கதைப்பதை நிறுத்தினேன். அது அவளுக்குத் தெரியவேயில்லை. அவள் புதுச் சேலைகளை மடித்து மடித்து வைப்பதில் மும்முரமாக இருந்தாள். அப்பா வயலுக்குப் போனதும் நாலு முளைகளையும் பிடுங்கிப் போட்டேன். பின்னேரம் வந்து பார்த்த அப்பா மாட்டுக்கன்றை ஏசிவிட்டுத் திரும்ப அடித்தார். அடுத்த நாள் நான் இரண்டாவது முளையைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டேன். அப்பா அடிக்கவில்லை. மண்டூர் முருகன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் கல் வைக்க நாள் பார்த்திருந்தது.

சத்தியத்துக்கு நான் பயந்தவள். அன்று முழுக்கப் பின்வளவுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. ஆனால் விடிந்து மேசன் வந்து பார்த்தபோது முளைகள் இல்லை. நாலு குழி மட்டும் இருந்தது. கயிறு அறுந்து சுருண்டு கிடந்தது.

அப்பா நேராகக் குசினி வாசலில் நின்ற என்னிடம் வந்தார். நான் இல்லை என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பால்ரொட்டிக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார்.

“சின்னவள்தான். வேற ஆர் புடுங்கப் போறாங்க?”

தலையை நிமிர்த்தாமல்தான் சொன்னார். அப்பா என்னை முதன்முதலாக அடித்தது அன்றைக்குத்தான். அடியைவிட, முருகனிடம் பொய் சொன்னவள் என்று மேசன் முன்னால் ஆனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா அவசரமாகப் புது முளை வெட்டினார். நல்ல நேரம் முடிவதற்குள் அம்மாவே வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கல்லை வைத்தார். எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் மீன் சினை முழுவதும் என் சோற்றுக் கோப்பையில் இருந்தது. எப்போதும் அது அப்பாவுக்குப் போவது. அடி வாங்கியதற்காக அம்மா தருகிறார் என்று நினைத்தேன். கோபத்தோடுதான் தின்றேன். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டபின் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வேலியில் ஒரு பொத்தல் நெடுநாளாகக் கிடந்தது. அதில் புதிதாக நாலு பூவரசங் கதியால், வேர் பிடித்துத் தழைக்கும் பச்சைத்தடிகள், நட்டிருந்தது.

“ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்து புள்ள. நான் அங்கால போனாப் பிறகும் நீதான் பாக்க வேணும்,” என்றார்.

ஓம் என்றேன். வேலிக்கு இவ்வளவு கட்டையாக, முழ நீளத்தில், யார் கதியால் நடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றின் கழுத்தில் நீல நைலோன் துண்டொன்று முடிச்சோடு இருந்தது. நல்ல துண்டு. அதை அவிழ்த்து என் பொம்மையின் தலைமயிருக்குக் கட்டினேன். பிறகு, முளைகளைக் களவெடுத்து என்னை மாட்டிவிட்டது அக்காதான் என்று உறுதியாக நம்பிக்கொண்டு, நாலு கதியாலுக்கும் ஆளுக்கொரு வாளி தண்ணீர் ஊற்றினேன்.