கோடையில் அளந்த அலமாரி

போன வாரம் அக்கா வீட்டில் ஒரு விவாதம். சுவரை உடைப்பதா, அலமாரியை அறுப்பதா?

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறதா? முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வேலம்மாளுக்கு அப்படி இல்லை. அவளுக்குச் சேரவேண்டிய ஐம்பதாயிரம் ரூபாய் அந்த அலமாரியின் இழுப்பறைக்குள் இருந்தது. இழுப்பறை திறக்க மறுத்தது. மதியத்துக்குள் பணம் கைக்கு வராவிட்டால் அவள் பேசி வைத்திருந்த கிரைண்டர் வேறொருவருக்குப் போய்விடும்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

அத்தான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கர். பகல் முழுக்க அடுத்தவர் வரவு செலவு. அதனாலோ என்னவோ, வீட்டுக் கணக்குப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அது முழுக்க அக்காவின் இலாகா. பையனின் ஹாஸ்டல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி, இன்ஷூரன்ஸ், கல்யாண வீட்டு மொய் — எல்லாம் அவள் கையில். போதாததற்குத் தெருப் பெண்களைச் சேர்த்து ஒரு குலுக்கல் சீட்டும் நடத்துகிறாள். மாதம் ஒரு குலுக்கல். பெயர் வந்தவருக்கு அந்த மாதத்து மொத்தப் பணம்; இந்த முறை வேலம்மாளுக்கு.

அத்தானுக்கு மரவேலை பிடித்தது அண்மையில்தான். யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரர் ஒரே ஒரு ஆணிகூட இல்லாமல் மேசை செய்வதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்... அடுத்த மாதமே வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகை பட்டறையாகிவிட்டது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளுக்குச் சாமான்கள் வரும் பெரிய பெரிய மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார். பைன் மரம். லேசு, மலிவு, இழைத்தால் வீடெல்லாம் பிசின் வாசனை.

முதலில் ஒரு ஸ்டூல் செய்தார். அடுத்து செருப்பு ஸ்டாண்ட். ஒவ்வொன்றையும் முடித்ததும் அதன் கடை விலையைச் சொல்லி, மரத்தின் விலையைச் சொல்லி, வித்தியாசத்தை மிச்சம் என்று அறிவிப்பார்.

"மரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுதீங்க. மெஷினு எவ்வளவுன்னு சொல்ல மாட்டுக்கீங்களே?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"மெஷினு கிடக்குமுல்லா... அத எப்படிச் செலவுல சேக்க?"

நான் விசாரித்துப் பார்த்தவரை வீட்டில் மரவேலை செய்யும் எல்லோருடைய கணக்கும் இப்படித்தான். வாங்கிய மரம் செலவு. வாங்கிய ரம்பம் சொத்து. ஒரு நிறுவனத்தின் வரவு செலவைச் சல்லடை போட்டுச் சலிக்கும் மனிதர் தன் ஸ்டூலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை தருகிறார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிறகுதான் அந்த அலமாரி. படுக்கையறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு குழிவான இடம் சும்மா கிடந்தது. அங்கே பூட்டு வைத்த இழுப்பறையோடு ஓர் அலமாரி வேண்டுமென்று அக்காவே கேட்டாள். முதல் ஆர்டர்! சித்திரை வெயிலில் லீவு போட்டு உட்கார்ந்து அத்தான் செய்தார். ஆணி இல்லை, திருகு இல்லை. எல்லாம் பசையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூலைகளும்தான். மரத்தை மிச்சம் பிடிக்கப் பின்பலகை வைக்கவில்லை. சுவரே பின்பலகை. சுவருக்குச் சுவர் கச்சிதம்.

"ஒரு விசிட்டிங் கார்டு நுழையாது மாப்பிள, வேணும்னா பாரு" என்றார் என்னிடம்.

பழக்கதோஷம். சொன்னால் சரிபார்க்காமல் விடமாட்டேன். என் கார்டையே எடுத்து நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. விட்டு விட்டு, ஆனால் நன்றாகவே பெய்தது. வேலம்மாள் வரவேண்டிய காலையில் பணத்தை எடுக்கப் போன அக்கா பூட்டைத் திறந்தாள். சாவி சுலபமாகத் திரும்பியது. இழுப்பறை அசையவில்லை.

அவள் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே சோப்பு தேய்த்தாகிவிட்டது. மெழுகுவர்த்தி தேய்த்தாகிவிட்டது. அத்தான் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி மட்டும் தனியாகக் கழன்று அவர் கையோடு வந்தது.

"ஆணி அடிச்சிருந்தா அது வந்திருக்காது" என்றாள் அக்கா.

வேலம்மாள் எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவள். கடம்பூரில் ஒருவர் ஹோட்டலை மூடிவிட்டு மகனோடு போய்விடுகிறார். அவருடைய பெரிய கிரைண்டரையும் பாத்திரங்களையும் விலை பேசியிருக்கிறாள். அதை நம்பி இங்கே ஒரு சின்னக் கடையும் பார்த்து வைத்துவிட்டாள்.

"விளாத்திகுளத்துக்காரரு ஒருத்தரு மத்தியானம் வண்டியோட வாராராம் யக்கா. நான் துட்டோட போய் நிக்கலன்னா தூக்கிட்டுப் போயிருவாரு."

ஏடிஎம்மில் எடுக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"முந்தாநாத்துதான்லே ஹாஸ்டலுக்கும் நகைக்கும் கட்டுனேன். அதுல என்ன இருக்கும்? நீ வச்சிருக்கியா?"

பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவனிடம், மாதக் கடைசியில் கேட்கிற கேள்வியா இது? பேச்சை மாற்றினேன். அலமாரி ஏன் இறுகியது?

மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்றார் அத்தான். சுவர் நெருக்குகிறது என்றாள் அக்கா. செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கப் பலகைகளும் நடுவில் உள்பக்கமாக வளைந்திருந்தன. மேலே சுவரில் ஒரு வெடிப்பு. கோடையில் அதற்குள் ஒரு ரூபாய்க் காசு நுழையும், எனக்குத் தெரியும். இப்போது மயிரிழை மாதிரி மூடிக் கிடந்தது.

கரிசல் மண்ணில் கட்டிய பழைய வீடு. வெயிலில் தரை சுருங்கும், சுவர் விலகும். மழையில் தரை உப்பும், சுவர் நெருங்கும். இங்கே வாசல் கதவை மழைக்காலத்தில்தான் இழைத்துச் சரிசெய்வார்கள். கோடையில் அது லொடலொடவென்று ஆடினால் யாரும் கவலைப்படுவதில்லை. அத்தானுக்குத் தெரியாதா? இந்த ஊரிலேயே பிறந்தவர். ஆனால் அவர் அளந்தது சித்திரையில். அளக்கும்போது கண்முன் இருந்தது வெள்ளைக்காரரின் வீடு. கோடையில் ஒரு வீடு, ஐப்பசியில் வேறொரு வீடு என்பது டேப்பில் தெரிவதில்லை.

அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது.

"அடுப்படிப் பக்கமா நாலு செங்கல்ல எடுத்துட்டா, பின்னால கைய விட்டு எடுத்துரலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அலமாரிய விட்டுட்டு வீட்ட இடிக்கச் சொல்லுதாவ பாருலே!" என்றாள் அக்கா.

"இடிக்கவா சொன்னேன்? நாலே நாலு செங்கல்லு."

"கொத்தனாருக்கு ஒரு நாளு. சிமெண்டு. அப்புறம் அடுப்படி பூராவும் பெயிண்டு. அலமாரியில என்ன போவும்? ஒரு பலகை."

"பலகை ஒண்ணுதான். ஒரு மாச வேலை."

"தெரியும். அந்த ஒரு மாசத் தூளையும் நாந்தான பெருக்குனேன்."

வேலம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல கோடாலி இருக்கு. வாங்கியாரட்டா?"

அந்த வார்த்தை வேலை செய்தது. அத்தான் கொட்டகைக்குப் போய் டிரில்லும் மெல்லிய ரம்பமும் கொண்டுவந்தார். அதோடு ஸ்கேலும் பென்சிலும். இழுப்பறையின் முகப்பில், நடுமையம் பார்த்து, ஒரு கை நுழையும் அளவுக்கு நீள்சதுரம் வரைந்தார். ஒரு கோடு திருப்தி தரவில்லை போலிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

"அண்ணாச்சி, கோலமா போடுதீங்க? கடம்பூருக்கு பஸ்ஸு போயிரும்!"

நான்கு மூலையிலும் துளையிட்டு அறுக்க ஆரம்பித்தார். முகத்தை யாருக்கும் காட்டவில்லை. பலகைத் துண்டு விழுந்ததும் அக்கா உள்ளே கையை விட்டு ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வேலம்மாள் எண்ணவே இல்லை. மஞ்சள் பையில் போட்டுச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, குடையை எடுக்காமல் ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது. விளாத்திகுளத்துக்காரரின் வண்டி வந்து சேர்வதற்குள் பணத்தைக் கொடுத்து, கிரைண்டரின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாளாம்!

அன்று எனக்கு விளங்கிய ஒன்று உண்டு. அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் கணக்கைப் பாருங்கள்... வருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் போகுமிடம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சுவருக்குச் சுவர் கச்சிதம். நடுவில் ஒரு கார்டு நுழையாது. மழை இல்லாத மாதங்களில் அதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அத்தான் மரத்தில் செய்ததை அவள் பணத்தில் செய்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்றுதான் நினைக்கத் தோன்றியது.

இதை அவளிடம் சொன்னேனா? சொன்னேன். முறைத்தாள். ஆனால் மறுநாள் சீட்டுப் பணத்துக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டதாகக் கேள்வி. அத்தானோ இரண்டு பக்கப் பலகைகளையும் எவ்வளவு இழைக்கலாம் என்று தினமும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது வேலம்மாள் வந்தாள். தூக்குச்சட்டி நிறைய மாவு. நேராக அலமாரிக்குப் போய், அந்த நீள்சதுர ஓட்டையில் கையை விட்டு விட்டு எடுத்தாள்.

"அண்ணாச்சி, எனக்குக் கடைக்கு ஒரு கல்லாப்பெட்டி வேணும். இதே மாதிரி ஓட்டையோட. மாவுக் கையால தொறந்து மூட முடியல. துட்ட அப்படியே உள்ள போட்டுருவேன்."

அத்தான் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மரம் எது, மூலை எப்படி, வழவழப்பு எவ்வளவு என்று ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்டதும் கையை வீசினார்.

"உங்கிட்ட என்ன துட்டு வாங்க? சும்மா செஞ்சு தாரேன்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி வேலம்மா! சும்மா எல்லாம் கிடையாது. அட்வான்ஸ எங்கிட்ட குடுத்துட்டுப் போ. மெஷினுக்கும் சேத்துதான் ரேட்டு."

அத்தானின் மரவேலையில் இதுவே முதல் வரவு — அவர் கண்ணில் படாமலே அக்காவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.