மலை எந்தப் பக்கம்?

விஜயபுரம் போகிற பஸ் மலையடிவாரத்தில் புகைந்து நின்றுவிடுகிறது. டிரைவர் வாளியோடு தண்ணீர் தேடிப் போகிறார். நான் பல் துலக்க ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு நிழலில் நிற்கிறேன். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து ஆந்திரா பிரிந்துவிட்டது. இந்த மலை யாருக்கு என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. எங்கள் பஸ்ஸைப் போலவே நடுவழியில் கிடக்கிறது.

பின்னால் ஒரு லாரி வந்து நிற்கிறது. உள்ளே கோடாரியோடு ஆட்கள், முன்னால் சில்க் ஜிப்பா போட்ட காண்டிராக்டர். தேன்சட்டி வைத்திருக்கும் இருளர் பெண் ஒருத்தி காட்டுப் பாதையின் குறுக்கே வந்து நிற்கிறாள்.

"எந்தூரு சாமி?"

"மெட்ராஸ்."

"இது ஆந்திராவுல சேந்துடுச்சே. சித்தூர் போயி பர்மிட்டு வாங்கினு வா சாமி."

காண்டிராக்டர் முணுமுணுத்துக்கொண்டே லாரியைத் திருப்பச் சொல்கிறார்.

"எல்லைப் பேச்சே இன்னும் முடியலையேம்மா?" என்று அவளிடம் கேட்கிறேன்.

"முடியலதான். நேத்து சித்தூர்லேர்ந்து ஒருத்தர் ரம்பத்தோட வந்தாரு. அவருகிட்ட இது மெட்ராஸுதுன்னு சொன்னேன். தெலுங்குலயே சொன்னேன், பாவம், புரியணுமில்ல. காடு போச்சுன்னா தேனேது, கெழங்கேது? நாங்க இன்னாத்த துன்றது?"

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டா?"

"எனக்கு உனக்குன்னு அடிச்சிக்கினு கெடப்பாங்க. அதுக்குள்ள மழ வந்துடும், லாரி ஏறாது."

நான் சிரிக்கிறேன். அவள் பார்வை என் கையிலிருக்கும் வேப்பங்குச்சியில் வந்து நிற்கிறது.

"நீ எந்தூரு நைனா?"

எந்த ஊரைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன். குச்சியை மரத்தடியிலேயே வைத்துவிட்டு, கிளம்பாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.